பழைய டிஸ்க்குக்கும் ஒரு பாலாலயம்

"பழசுல இருக்கறத கட் பண்ணுங்க, புதுசுல பேஸ்ட் பண்ணுங்க. முடிஞ்சுச்சு வேலை. இதுக்குப் போயி ஸ்கிரிப்ட் எழுதறீங்களா?"

விருத்தாசலத்துல ஹார்ட் டிஸ்க் வாங்கப் போன இடத்துல, பக்கத்துல நின்னுட்டிருந்த ஒருத்தர் இப்படிச் சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா எங்க ஊர் பெண்ணாடம் வந்து இறங்கற வரைக்கும் பஸ்ஸுல எனக்கு மனசு ஆறவே இல்ல.

கட் பண்ணி பேஸ்ட்டா? அதுவும் ஒரு டிஸ்க்குலேருந்து இன்னொரு டிஸ்க்குக்கா?

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு டிஸ்க்குக்கு நடுவுல "நகர்த்தறது"னு ஒண்ணு கிடையவே கிடையாது. கம்ப்யூட்டர் முதல்ல காப்பி பண்ணுது. அப்புறம் பழசை அழிக்குது. நடுவுல காப்பி சரியா வந்துச்சான்னு வரி வரியா ஒப்பிட்டுப் பார்க்கிறதில்ல. அப்புறமா "ஐயோ, இந்த வீடியோ பாதியில நிக்குதே"ன்னு உங்களுக்குத் தெரியும்போது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழசு இருக்காது.

எங்க வீட்டு டிஸ்க்குல என்ன இருக்குன்னு சொல்றேன், அப்ப புரியும்.

அப்பா டேப் ரெக்கார்டர்ல பிடிச்ச கேசட் எல்லாம் இருக்கு. பிரளயகாலேஸ்வரர் கோயில்ல ஓதுவார் பாடின தேவாரம். (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர் கோயிலுக்குத் தூங்கானைமாடம்னு பேரு. யானை படுத்திருக்கிற மாதிரி பின்பக்கம் வளைஞ்ச கருவறை. அப்பர் தோள்ல சூலக்குறி, இடபக்குறி வேணும்னு பாடிக் கேட்ட இடம் இதுதான். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்ததும் எங்க ஊர்தான்.) தருமபுரம் சுவாமிநாதன் தேவாரக் கேசட்லேருந்து மாத்தினது இருக்கு. அத்தை கல்யாண வீடியோ, விஎச்எஸ்லேருந்து எடுத்தது. விருத்தாசலத்துல மாமா வேலை பார்த்த பீங்கான் பட்டறையில சூளை பிரிச்சு பொம்மைகளை ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிற வீடியோ. பாட்டி குரல்.

சுவாமிநாதன் கேசட்டைத் தவிர இதுல ஒண்ணுகூடக் கடையில கிடைக்காது. சினிமா போச்சுன்னா இன்னொரு தடவை வாங்கிக்கலாம். பாட்டி குரலை எங்க போயி வாங்கறது?

இது எல்லாம் ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருந்துச்சு. கூடத்துல டிவியைப் போட்டா அப்பா தேவாரம் கேட்பார், அண்ணன் பையன் கார்ட்டூன் பார்ப்பான். சர்வர் மென்பொருள் ரொம்பப் பழசு, டிஸ்க்கும் பழசு. டிஸ்க் கொஞ்ச நாளா கிர்ர்ருனு சத்தம் போட ஆரம்பிச்சுது.

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே"ன்னு அண்ணன் சொன்னார். அவருக்கு நான் சொன்ன கதை லாஸ்ட்பாஸ் கதை. உலகம் பூரா லட்சக்கணக்கான பேரோட பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற கம்பெனி அது. 2022-ல அவங்க இன்ஜினியர் ஒருத்தரோட வீட்டுக் கம்ப்யூட்டர் வழியா ஹேக்கருங்க உள்ள புகுந்தாங்க. எப்படி? அவர் வீட்டுல படம் பார்க்க வச்சிருந்த பிளெக்ஸ் மீடியா சர்வர் வழியா. அந்த மென்பொருள்ல இருந்த ஓட்டைக்கு பிளெக்ஸ் 2020 மே மாசமே அடைப்பு கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் சுமார் 75 வெர்ஷன் வந்து போச்சு. அவர் அப்டேட் பண்ணவே இல்ல. வீட்டுல படம் பார்க்கிற பெட்டிதானேன்னு விட்டது எங்க போயி முடிஞ்சுது பாருங்க!

அதனால மென்பொருளையும் மாத்தறது, டிஸ்க்கையும் மாத்தறதுன்னு முடிவாச்சு. மென்பொருளுக்கு ஜெல்லிஃபின் எடுத்துக்கிட்டேன். எம்பிங்கற இன்னொரு மீடியா சர்வர் தன்னோட மூலநிரலை மூடினப்ப, 2018 டிசம்பர்ல அதுலேருந்து பிரிஞ்சு வந்த திறந்தமூல மென்பொருள். காசு இல்ல, எந்தக் கம்பெனிகிட்டயும் கணக்கு தொடங்க வேண்டாம், நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கும். இதுக்கு மேல மென்பொருளைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. விஷயம் டிஸ்க்குல இருக்கு.

டிஸ்க்கை மாத்த ஸ்கிரிப்ட் (கம்ப்யூட்டர் வரிசையா செய்ய வேண்டிய கட்டளைகளோட பட்டியல்) எழுதறதுக்கு முன்னாடி, ஸ்கிரிப்டால நாசமான கதைகளை உட்கார்ந்து படிச்சேன். மூணு கதை. மூணையும் சொல்லியே ஆகணும்.

முதல் கதை, 2001 நவம்பர். ஆப்பிள் கம்பெனி ஐட்யூன்ஸ் 2.0 விட்டாங்க. பாட்டு கேட்கிற மென்பொருள். அதை நிறுவற ஸ்கிரிப்ட், முதல்ல பழைய ஐட்யூன்ஸை அழிச்சுட்டுப் புதுசை வைக்கணும். நம்ம வேலைதான், பழசை எடுத்துட்டுப் புதுசு. அந்த அழிக்கிற வரியில டிஸ்க் பேரைச் சுத்தி மேற்கோள்குறி போட விட்டுட்டாங்க. டிஸ்க் பேர்ல ஒரு இடைவெளி இருந்தா ஸ்கிரிப்ட் அதை ரெண்டு பேரா எடுத்துக்கும். உங்ககிட்ட "பாட்டு"ன்னு ஒரு டிஸ்க்கும் "பாட்டு 2"ன்னு ஒரு டிஸ்க்கும் இருக்குன்னு வைங்க. "பாட்டு 2"-ல இருக்கிற பழைய மென்பொருளை அழிக்கப் போன ஸ்கிரிப்ட், "பாட்டு" டிஸ்க்கை முழுசா வழிச்சு எடுத்துடும். அப்படித்தான் பல பேரோட டிஸ்க் காலியாச்சு. ஆப்பிள் அவசர அவசரமா அதைத் திரும்ப எடுத்துக்கிட்டு 2.0.1 விட்டாங்க.

ரெண்டாவது, 2011. பம்பிள்பீன்னு லினக்ஸ்ல ஒரு சின்ன மென்பொருள். அதோட நிறுவல் ஸ்கிரிப்ட்ல 'யுஎஸ்ஆர்'ங்கற ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி தெரியாம ஒரே ஒரு இடைவெளி. அவ்வளவுதான். உள்ள இருக்கிற ஒரு சின்ன ஃபோல்டரை அழிக்க வேண்டியது, யுஎஸ்ஆர் முழுசையும் அழிச்சுது.

மூணாவதுதான் எனக்கு வயித்தைக் கலக்கினது. 2015 ஜனவரி, ஸ்டீம்னு கேம் விளையாடற மென்பொருள். அதோட லினக்ஸ் ஸ்கிரிப்ட்ல, "ஸ்டீம் இருக்கிற ஃபோல்டர், அதுக்குக் கீழ உள்ள எல்லாத்தையும் அழி"ன்னு ஒரு வரி. ஒருத்தர் அந்த ஃபோல்டரை வேற இடத்துக்கு மாத்தி வச்சிருந்தார். ஸ்கிரிப்ட் தேடுது, ஃபோல்டர் பேரு காலியா வருது. காலியான பேருக்குக் கீழ உள்ள எல்லாம்னா என்ன? கம்ப்யூட்டர்ல இருக்கிற எல்லாம்! அவர் பேக்கப் வச்சிருந்த வெளி டிஸ்க் அப்ப செருகியே இருந்துச்சு. அதுவும் போச்சு. இதுல என்ன கொடுமைன்னா, அந்த வரி பக்கத்துல எழுதினவரே "பயமா இருக்கு"ங்கற அர்த்தத்துல ஒரு குறிப்பு போட்டு வச்சிருந்தார்.

பயமா இருந்தா அந்த வரியை எழுதவே கூடாது இல்லையா?

மூணுலயும் காப்பி பண்றதுல ஒரு கோளாறும் இல்ல. அழிக்கிறதுலதான் கோளாறு. அதனால நான் ஒரே ஒரு சட்டம் வச்சுக்கிட்டேன்: என் ஸ்கிரிப்ட்ல அழிக்கிற கட்டளை இருக்கவே கூடாது. ஆர்எம்ங்கற ரெண்டெழுத்து எங்கயும் கிடையாது. காப்பி பண்ற ஆர்சிங்க் கட்டளையோட 'டிலீட்' தேர்வும் கிடையாது. அழிக்கிறது மனுஷன் வேலை. அதை நிதானமா, பகல்ல, சாப்பிட்ட பிறகு பண்ணலாம்.

இதை அப்பாகிட்டச் சொன்னேன். அவர் கேட்டதும் சொன்னார்: "பாலாலயம் பண்ற மாதிரின்னு சொல்லு."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அதேதான்! கோயில்ல திருப்பணி ஆரம்பிக்கணும்னா கருவறைச் சாமியை வழக்கமா பெயர்த்து எடுக்க மாட்டாங்க. சக்தியைக் கலசத்துல ஆவாகனம் பண்ணி, தனியா ஒரு இடத்துல பாலாலயம் அமைச்சு, அங்க தினப்படி பூஜை தடையில்லாம நடக்கும். மூலவர் இருந்த இடத்துலயே இருப்பார். வேலை எல்லாம் முடிஞ்சு, எல்லாம் சரியா இருக்குன்னு ஆன பிறகுதான் நாள் பார்த்துக் கும்பாபிஷேகம். பழசைத் தொடாம, பூஜை நிக்காம, புதுசுக்கு மாறறது. நம்ம பெரியவங்க எவ்வளவு காலமா இதைப் பண்ணிட்டு வர்றாங்க!

சரி, ஸ்கிரிப்ட் என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன்.

முதல்ல பழைய சர்வரை நிறுத்தினேன். அது ஓடிட்டிருக்கும்போது அதோட தரவுத்தளத்தை காப்பி பண்ணா, பாதி எழுதினது பாதி எழுதாததுன்னு வரும். அப்புறம் பழைய டிஸ்க்கை 'படிக்க மட்டும்'ங்கற முறையில இணைச்சேன். இது ரொம்ப முக்கியம். இதுக்கப்புறம் ஸ்கிரிப்டே பைத்தியம் பிடிச்சு ஆடினாலும் பழைய டிஸ்க்குல ஒரு எழுத்தை மாத்த முடியாது.

அடுத்தது, ரெண்டு டிஸ்க்கும் நிஜமாவே இணைஞ்சிருக்கான்னு ஸ்கிரிப்ட் பார்க்கும். "ஃபோல்டர் இருக்கா"ன்னு பார்த்தா போதாது. டிஸ்க் கழண்டிருந்தாலும் காலி ஃபோல்டர் அங்கதான் இருக்கும். அதை நம்பி காப்பி பண்ணா, எல்லாம் கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற சின்ன மெமரி கார்டுல போயி நிரம்பி வழியும். அதனால ரெண்டு டிஸ்க்குலயும் முன்கூட்டியே ஒரு அடையாளக் கோப்பு வச்சேன். அது கண்ணுல படலைன்னா ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடும். ஏதாவது பேரு காலியா வந்தாலும் நின்னுடும். (ஸ்டீம் கதை ஞாபகம் இருக்கு இல்ல?)

அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை. கோப்பு எவ்வளவு பெருசா இருந்தாலும் 64 எழுத்துல ஒரு அடையாளம் வரும். கோப்புல ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளமே வேற மாதிரி வந்துடும். இந்தப் பட்டியலை ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன்.

இப்பத்தான் தமிழ்ல பேர் வைக்கிறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் வருது. இதை யாரும் சொல்லித் தர மாட்டேங்கறாங்க.

'கோயில்'னு ஒரு ஃபோல்டர். காலையில பார்த்தா பட்டியல்ல 'கோயில்' ரெண்டு தடவை இருக்கு! எழுத்துப் பிழை இல்ல, இடைவெளி இல்ல, கண்ணால பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு வேற வேற. ஏன்னா யூனிகோடுல 'கோ'வை ரெண்டு விதமா எழுதலாம். ககரத்துக்குப் பின்னாடி ஓகாரக் குறியை ஒரே குறியா வைக்கலாம். இல்லைன்னா இரட்டைக்கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறின்னு பிரிச்சு வைக்கலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும், ஔ எழுத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய மேக் கம்ப்யூட்டர் பேரைப் பிரிச்சு வைக்கும். நம்ம விசைப்பலகையில அடிச்சா பெரும்பாலும் சேர்ந்து வரும். சித்தப்பா பொண்ணு அவளோட பழைய மேக்லேருந்து கொடுத்த ஃபோல்டர் பிரிஞ்ச 'கோயில்', நான் வச்சது சேர்ந்த 'கோயில்'. சேர்ந்தது 18 பைட், பிரிஞ்சது 21 பைட்.

ஸ்கிரிப்ட் பட்டியல்ல எல்லாப் பேரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாத்தி வச்சு, எங்கெல்லாம் ரெண்டு பேரு ஒண்ணாகுதோ அதைத் தனியா எழுதிக் கொடுத்துச்சு. தானா எதையும் ஒண்ணு சேர்க்கலை. சேர்க்கிறதை நான் பார்த்துப் பார்த்துப் பண்ணேன்.

அடுத்தது நீளம். பழைய டிஸ்க் விண்டோஸ் முறையில (என்டிஎஃப்எஸ்) இருந்துச்சு. அது பேருக்கு 255 குறி வரைக்கும் விடும். புது டிஸ்க் லினக்ஸ் முறை, ஈஎக்ஸ்டி4. அங்கயும் 255தான், ஆனா அது பைட் கணக்கு. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்! 'விருத்தாசலம்'னு எழுதினாலே 36 பைட் போயிடும். அப்ப தமிழ்ல மொத்தம் 85 குறிதான் வைக்க முடியும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறின்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க அப்பா கோப்புக்குப் பேர் வைக்கிறது எப்படின்னா:

"பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயில் மார்கழி திருவாதிரை அன்னிக்கு ஓதுவார் பாடின திருத்தாண்டகம்"

கூட ஒரு புள்ளி எம்பி3. மொத்தம் 258 பைட். மூணு பைட் அதிகம். புது டிஸ்க் இந்தக் கோப்பை உள்ளேயே விடாது. கட்-பேஸ்ட் பண்றவங்களுக்கு நடுவுல ஒரு பெட்டி வந்து "பேரு நீளம், தவிர்க்கவா?"ன்னு கேட்கும். தூக்கக் கலக்கத்துல "எல்லாத்தையும் தவிர்"னு அமுக்கினா ஓதுவார் குரல் இந்தப் பக்கம் வராது.

அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டேன்.

"ஏம்மா, சாமி பேரை எடுத்துடாத."

"எடுக்கலப்பா. 'அன்னிக்கு'ங்கறதை எடுத்துக்கட்டுமா?"

கண்ணை மூடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு, "எடு, அர்த்தம் கெடலை"ன்னார். இந்த மாதிரி ஒவ்வொரு நீளப் பேருக்கும் சின்னப் பேரு முடிவு பண்ணி ஒரு பட்டியல்ல எழுதினோம். ஸ்கிரிப்ட் புது டிஸ்க்குல அந்தச் சின்னப் பேருல வைக்கும். அப்பா வச்ச முழுப் பேரும் பக்கத்துலயே ஒரு உரைக்கோப்புல இருக்கும். பழைய டிஸ்க்குல பேர் அப்படியே இருக்கு.

இதுக்கப்புறம்தான் காப்பி. ஆர்சிங்க்கை முதல்ல ஒத்திகையா ஓட விட்டேன். என்னென்ன பண்ணப் போகுதுன்னு சொல்லும், பண்ணாது. அந்த வெளியீட்டை டீ குடிச்சுக்கிட்டே முழுசாப் படிச்சேன். திருப்தியான பிறகு நிஜ ஓட்டம்.

ஆர்சிங்க் 1996-ல ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ்னு ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க வெளியிட்டது. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கோப்பை முதல்ல ஒரு மறைவான தற்காலிகப் பேருல எழுதும், முழுசா முடிஞ்ச பிறகுதான் நிஜப் பேரைக் கொடுக்கும். நடுவுல கரண்ட் போனாலும் பாதிக் கோப்பு முழுக் கோப்பு மாதிரி வேஷம் போடாது. திரும்ப ஓட்டினா விட்ட இடத்துலேருந்து போகும். எங்க பக்கம் கரண்ட் கதை உங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 'தானே' புயல்ல எங்க கடலூர் மாவட்டம் நாள்கணக்கா இருட்டுல கிடந்துச்சு. அதைப் பார்த்தவங்க "கரண்ட் போகாது"ன்னு நம்பி ஒரு ஸ்கிரிப்டும் எழுத மாட்டாங்க.

(பொறுமை வேணும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டுல நிமிஷத்துக்குச் சுமார் 2 ஜிபிதான் போகும். 2 டிபி டிஸ்க் நிறைஞ்சிருந்தா கிட்டத்தட்ட 17 மணி நேரம்.)

காப்பி முடிஞ்சதும் புது டிஸ்க்கைக் கழட்டித் திரும்ப இணைச்சேன். உடனே சரிபார்த்தா, இப்பத்தான் எழுதின கோப்பைக் கம்ப்யூட்டர் தன் நினைவகத்துலேருந்தே படிச்சுக் காட்டலாம். டிஸ்க்குல என்ன பதிஞ்சிருக்குங்கறதுதானே நமக்கு வேணும்? அப்புறம் கைரேகைப் பட்டியலை வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுச்சு. எல்லாம் 'சரி, சரி'ன்னு ஓடிட்டே வருது.

ஒண்ணு மட்டும் ஒத்துப் போகல.

மாமாவோட சூளை வீடியோ.

கோப்போட அளவு அதேதான். தேதி அதேதான். போட்டுப் பார்த்தா ஓடவும் ஓடுது. மாமா குனிஞ்சு ஒரு பிள்ளையார் பொம்மையை எடுத்துத் தூசி ஊதற இடத்துல மட்டும் படம் கட்டம் கட்டமா உடையுது. கண்ணால பார்த்திருந்தா எத்தனை வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருப்போமோ! கேபிளை மாத்திட்டு அந்த ஒரு கோப்பை மட்டும் திரும்ப காப்பி பண்ணேன். ஒத்துப் போச்சு. மாமா ஊதறார், தூசி பறக்குது, பொம்மை கண்ணு பளிச்சுன்னு தெரியுது. அம்மா தன் தம்பியைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

கட்-பேஸ்ட் பண்ணியிருந்தா அந்தப் பிள்ளையார் போயிருப்பார். இதைத்தான் கடையில நின்ன அந்த நல்ல மனுஷருக்குச் சொல்லணும்னு இருந்துச்சு.

கடைசியா மாத்தற வேலை. பழைய டிஸ்க் எந்த இடத்துல, எந்தப் பேருல இணைஞ்சிருந்துச்சோ, அதே இடத்துல அதே பேருல புது டிஸ்க்கை இணைச்சேன். ஜெல்லிஃபினைத் தொடங்கினேன். அவ்வளவுதான். கூடத்துல அண்ணன் பையன் "அத்தை, கார்ட்டூன் வருது!"ன்னு கத்தினான்.

இன்னும் பிளெக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: டிஸ்க் மாத்தறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தேடலுக்கும் பிறகு குப்பையைத் தானா காலி பண்ற அமைப்பை அணைச்சுடுங்க. டிஸ்க் கழண்டிருக்கும்போது அது தேடினா, "ஒண்ணுமே இல்லையே"ன்னு உங்க பட்டியல் பூராவையும் தூக்கிடலாம். கோப்பு போகாது, ஆனா பட்டியலைத் திரும்ப முதல்லேருந்து தயார் பண்ண வேண்டியிருக்கும்.

பழைய டிஸ்க் இப்ப பீரோவுல இருக்கு. மேல தேதி எழுதி ஒட்டியிருக்கேன். அடுத்த பொங்கல் வரைக்கும் அதைத் தொடப் போறதில்ல. அதுக்கப்புறமும் அழிக்கிறதா வேண்டாமான்னு வீட்டுல எல்லாரும் உட்கார்ந்துதான் முடிவு பண்ணுவோம்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு டிஸ்க் கண்டிப்பா இருக்கும். அதுல யாரோ ஒருத்தரோட குரல் இருக்கும். புது டிஸ்க் வாங்கறது அப்புறம் இருக்கட்டும், இந்த வாரமே அந்தக் கைரேகைப் பட்டியலை மட்டுமாவது எடுத்து வைங்க. ஸ்கிரிப்ட் வேணும்னா எனக்கு எழுதுங்க, தமிழ்லயே குறிப்பு போட்டு அனுப்பறேன்.